டச்சு மக்கள்தொகைப் பதிவேட்டில் மூதாதையரைக் காணவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

நெதர்லாந்தின் ஒவ்வொரு நகராட்சியும், அது சிறு கிராமமாக இருந்தாலும், 1850 ஜனவரி 1 முதல் தன் எல்லைக்குள் குடியிருந்தவர்களை 'பெஃபோல்கிங்ஸ்ரெகிஸ்டர்' என்னும் மக்கள்தொகைப் பதிவேட்டில் எழுதிவந்தது. 1849 நவம்பர் 19-ஆம் தேதி எடுத்த கணக்கெடுப்பைத் தொடக்க இருப்பாகக் கொண்ட இந்தப் பேரேடு, ஒரு நாளின் நிலையைக் காட்டுவதன்று; ஏறத்தாழப் பத்தாண்டுகள் திறந்தே வைக்கப்பட்டு, பிறப்பும் இறப்பும் வரவும் போக்கும் நிகழ நிகழத் திருத்தப்பட்டது. நண்பர்களுக்காகவும் அவர்களுடைய உறவினர்களுக்காகவும் பல ஆண்டுகளாக இந்தப் பக்கங்களைப் புரட்டிவருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல், இதைக் கணக்கெடுப்புத் தாளாக நினைத்துப் படித்ததால் வந்தவை. கீழே உங்கள் அறிகுறிக்குரிய தலைப்புக்கு நேரே செல்லுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலிலும், காசு கேட்கும் வழி கடைசியிலும் இருக்கின்றன.

## அறிகுறி 1: பெயரைத் தேடினால் ஒன்றுமே வரவில்லை

### பெயரை எழுதியதில் கோளாறு

முதலில் சந்தேகிக்க வேண்டியது நம் தட்டச்சைத்தான். 'ஃபான்', 'ஃபான் டெர்', 'டெ', 'டென்' போன்ற முன்னொட்டுகளை டச்சு அகரவரிசை கணக்கில் கொள்வதில்லை. 'ஃபான் டெர் மேர்' என்பவர் 'எம்' வரிசையில்தான் இருப்பார். தேடுபக்கங்கள் பலவற்றில் முன்னொட்டுக்குத் தனிக் கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டுப் பெயரின் தலைப்பகுதியை மட்டும் தேடுங்கள்.

அடுத்து எழுத்து மாற்றங்களைப் பாருங்கள். 'ஐ', 'ஜே' சேர்ந்த கூட்டெழுத்தும் 'ஒய்' எழுத்தும் ஒன்றுக்கொன்று மாறி வரும். 'யான்சன்' என்ற பெயரில் ஒரு 'எஸ்' வரலாம், இரண்டு வரலாம், கடைசி 'என்' விடுபட்டும் போகலாம். 'சி'யும் 'கே'யும், 'எஸ்'ஸும் 'இசட்'டும் இடம் மாறுவதும் உண்டு. ஐயமுள்ள எழுத்துகளின் இடத்தில் நட்சத்திரக் குறியை இட்டு, குடும்பப்பெயரை விட்டுவிட்டு முதற்பெயர், பிறந்த ஆண்டு, ஊர் ஆகியவற்றை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அட்டவணையை உருவாக்கியவர் ஒரு வளைவைத் தவறாகப் படித்திருந்தால், அந்த ஆளைப் பிடிக்க இந்த வழிதான் உண்டு.

### தேடப்படுபவர் பெண்

டச்சு ஆவணங்களில் பெண் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயராலேயே எழுதப்படுகிறாள். கணவனுடைய பக்கத்தில் இரண்டாம் வரியில் அவள் இருப்பாள். ஆனால் பெயர் அவளுடைய தந்தையின் பெயர். கணவன் பெயரைச் சேர்த்துத் தேடி, மூன்று மாதம் வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். கைம்பெண்ணானாலும் இதே விதிதான். கணவனின் பெயர் 'வேட்.' என்ற சுருக்கத்துக்குப் பின் ஒரு குறிப்பாக மட்டுமே வரும்.

### ஊர் சரி, நகராட்சி தவறு

பதிவேட்டை வைத்திருந்தது நகராட்சி. குடும்பக் கதைகளில் நிலைப்பதோ ஊரின் பெயர். நகராட்சிகள் ஒன்றையொன்று விழுங்கியபடியே வந்திருக்கின்றன. டெல்ஃப்ஸ்ஹாஃபன் 1886-இலும், கிராலிங்கன், சார்லோயிஸ் ஆகியவை 1895-இலும் ராட்டர்டாமுடன் சேர்ந்தன. வாட்டர்கிராஃப்ஸ்மேர், ஸ்லோட்டன், நியூவெண்டாம் போன்றவை 1921-இல்தான் ஆம்ஸ்டர்டாமுக்குள் வந்தன. 'தாத்தாவின் அப்பா ஆம்ஸ்டர்டாம்காரர்' என்ற செய்தியை நம்பி ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டை மட்டும் துழாவினால், 1905-இல் வாட்டர்கிராஃப்ஸ்மேரில் குடியிருந்தவர் அகப்படமாட்டார்.

### வேறு தொகுதியில் இருக்கிறார்

வீட்டு வேலைக்காரர்கள், பண்ணையாட்கள், முதலாளி வீட்டிலேயே தங்கிய தொழில் பழகுநர்கள் ஆகியோருக்குப் பல நகராட்சிகள் 'டீன்ஸ்ட்போடன்ரெகிஸ்டர்' என்று தனிப் பதிவேடு வைத்தன. பதினாறு முதல் இருபத்தைந்து வயது வரையுள்ள ஏழைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி பெற்றோரின் பக்கத்திலிருந்து மறைந்துவிட்டால், இந்தத் தொகுதியைத்தான் முதலில் திறக்க வேண்டும். வேலைக்காரர்கள் வீடு மாறுவது வழக்கமாக மே மாதத்திலும் நவம்பர் மாதத்திலும் நடந்ததால், அந்த மாதங்களின் பதிவுகளைக் கூர்ந்து பாருங்கள். அநாதை இல்லம், சிறை, படைமுகாம் ஆகியவற்றில் இருந்தவர்களும், படகிலேயே வாழ்ந்தவர்களும்கூடப் பல ஊர்களில் தனித் தொகுதிகளில் இருக்கிறார்கள்.

### அட்டவணையே இல்லை

'வீவாஸ்வீ', 'ஓப்பன் ஆர்கீஃபன்' போன்ற டச்சு வம்சாவளித் தேடுதளங்கள் பரந்தவைதாம். ஆனால் எல்லா நகராட்சிகளின் எல்லாத் தொகுதிகளும் பெயர் அட்டவணையாக ஏறிவிடவில்லை. நகல் படங்கள் மட்டும் இருக்கும் ஊர்களில், தொகுதியோடு அக்காலத்திலேயே கையால் எழுதப்பட்ட 'க்லாப்பர்' என்னும் அகரவரிசைப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால், குடும்பத்தில் எவருடைய பிறப்பு அல்லது இறப்புச் சான்றிலிருந்தாவது முகவரியை எடுங்கள். பழைய முகவரி தெருப் பெயராக இல்லாமல் வட்டத்தின் எழுத்தும் வீட்டின் எண்ணுமாக, 'பி 214' என்பது போல இருக்கும். தொடக்ககாலத் தொகுதிகள் பலவும் இந்த வரிசையிலேயே கட்டப்பட்டவை என்பதால், நேராகப் பக்கத்துக்குப் போய்விடலாம்.

### நிறுத்த வேண்டிய இடம்

மேற்கண்ட ஐந்தும் பொய்த்தால், பணம் கொடுத்து ஆளமர்த்துவதற்கு முன், அந்த வட்டாரத்து ஆவணக்காப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, 'இந்த ஆண்டுகளுக்கான தொகுதி இருக்கிறதா?' என்று மட்டும் கேளுங்கள். மிடில்பர்க் நகரின் ஆவணங்கள் 1940 மே 17-ஆம் தேதித் தீயில் பெருமளவில் அழிந்தன. இல்லாத ஏட்டைத் தேட எவருக்கும் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

## அறிகுறி 2: பக்கம் கிடைத்தது, ஆனால் பாதி வரிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன

இது பிழையே அன்று. அடித்த வரி என்றால் 'இவர் இப்போது இந்தப் பக்கத்தில் இல்லை' என்றுதான் பொருள். தவறாக எழுதிவிட்டார்கள் என்று பொருளில்லை.

ஒரு பக்கத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். முதல் வரியில் 1821-இல் பிறந்த தச்சர், தொழில் கட்டத்தில் 'டிம்மர்மன்'. இரண்டாம் வரியில் மனைவி, வேறு குடும்பப்பெயருடன். அதன்கீழ் ஆறு குழந்தைகள். முதல் மூவரின் வரிகள் ஒரே கையெழுத்திலும் ஒரே மையிலும் இருக்கின்றன, அதாவது தொகுதி திறந்த நாளில் பார்த்து எழுதப்பட்டவை. அடுத்த மூன்றும் மை மாறி, பேனா முனை மாறி, ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. நான்காம் குழந்தையின் வரி குறுக்கே அடிக்கப்பட்டு, வலக்கோடியில் 'ஓஃபர்ல்.' என்ற சுருக்கமும் ஒரு தேதியும் உள்ளன; இறந்துவிட்டது. மூத்த மகளின் வரியும் அடிக்கப்பட்டிருக்கிறது. வலக்கட்டத்தில் 'உட்ரெக்ட்' என்றிருக்கிறது, புறப்பட்டுப் போய்விட்டாள். தச்சரின் வரியும் அடிபட்டிருக்கிறது. இப்போது மனைவியின் மணநிலைக் கட்டத்தைப் பாருங்கள்: முதலில் எழுதிய 'ஹெச்' (மணமானவர்) எழுத்தின் மேல் கருத்த மையில் 'டபிள்யூ' (துணையை இழந்தவர்) ஏறியிருக்கிறது. கடைசிக் கட்டத்தில் சிறிய எழுத்தில் 'பிஎல். 112' என்று ஒரு குறிப்பு. கைம்பெண் குடும்பத் தலைவியாகி, மீதியிருக்கும் பிள்ளைகளுடன் 112-ஆம் தாளுக்கு மாற்றப்பட்டிருக்கிறாள்.

அந்த 112-ஐத் திறக்காமல் இந்தப் பக்கத்தை மட்டும் படியெடுத்துக்கொண்டு போவதுதான் பலரும் செய்யும் தவறு. கடைசிக் கட்டத்தில் எந்த எண்ணைப் பார்த்தாலும், அது தாள் எண்ணா, தொகுதி எண்ணா, வீட்டு எண்ணா என்று தீர்மானித்துவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள். இதற்கு நிபுணர் எவரும் தேவையில்லை.

## அறிகுறி 3: பதிவேட்டுத் தேதியும் சான்றிதழ்த் தேதியும் பொருந்தவில்லை

ஓரிரு நாள் வேறுபாடு என்றால் விட்டுவிடுங்கள். குடும்பத் தலைவர் நினைவிலிருந்து சொன்னதை எழுத்தர் எழுதிக்கொண்டார். பிறப்பை மூன்று நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது 1811-இல் நாடெங்கும் வந்த குடிமைப் பதிவுமுறையின் விதி. எனவே, பிறப்புச் சான்றையே நம்புங்கள். 1811-க்கு முன் பிறந்தவர்களுக்குப் பதிவேட்டில் இருப்பது பிறந்த நாளாக அல்லாமல் ஞானஸ்நானம் பெற்ற நாளாக இருக்கலாம்.

இரண்டு மாத வேறுபாடு என்றால், மாதத்தின் பெயரை மறுபடி பாருங்கள். '7பெர்' என்று எழுதியிருந்தால் அது ஜூலை அன்று, செப்டம்பர். '8பெர்' அக்டோபர், '9பெர்' நவம்பர். இலத்தீனில் ஏழு 'செப்டெம்' என்பதை வைத்து எழுத்தர்கள் செய்த சிக்கனம் இது.

ஆண்டுக்கணக்கில் வேறுபட்டால், அவர் வேறு குழந்தை. இறந்த குழந்தையின் பெயரை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கே மறுபடி சூட்டுவது டச்சுக் குடும்பங்களில் சாதாரணம். பாட்டனார் பெயர் வீட்டில் நிலைக்க வேண்டும் என்பதற்காக மூன்றாம் முறைகூட அதே பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் குழந்தைப் பருவத்து இறப்புச் சான்று ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார்த்தால் சிக்கல் அவிழும்.

குடும்பப்பெயரே அடிக்கப்பட்டு மேலே வேறு பெயர் எழுதியிருந்தால், குழந்தை பெற்றோரின் திருமணத்துக்கு முன் பிறந்து, பின்னர் தந்தையால் ஏற்கப்பட்டிருக்கலாம். பெற்றோரின் திருமணச் சான்றின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். ஏற்பு அங்கே எழுதப்பட்டிருக்கும்.

## அறிகுறி 4: 'புறப்பட்டார்' என்று இருக்கிறது, போன ஊரில் ஆள் இல்லை

என்னிடம் அதிகம் வருவது இதுதான். மனம் தளர்ந்து பலர் தேடலைக் கைவிடுவதும் இங்கேதான்.

### போன ஊரைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை

ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. ஹெங்கலோ என்பது ஓவரெய்ஸலிலும் இருக்கிறது, கெல்டர்லாந்திலும் இருக்கிறது. பெர்கன் வட ஹாலந்திலும் லிம்பர்கிலும் இருக்கிறது. ரைஸ்வைக் மூன்று மாகாணங்களில் இருக்கிறது. பெயருக்குப் பின் பிறைக்கோட்டில் ஓர் ஒற்றை எழுத்து இருந்தால் அது மாகாணத்தின் முதலெழுத்து. 'ஸ்-கிராவென்ஹாகெ' என்பதும் தி ஹேக் என்பதும் ஒரே நகரம். 'அல்ஹியர்' என்பதோ ஊரே அன்று. 'இவ்விடம்' என்பதற்கான சொல். அல்ஹியர் என்ற கிராமத்தை நிலப்படத்தில் தேடி அலுத்தவர்கள் வெட்கப்பட வேண்டாம், நானும் ஒருமுறை தேடியிருக்கிறேன்.

### தேதி நகர்ந்திருக்கிறது

புறப்படுபவர் பழைய ஊரில் இடமாற்றச் சான்று வாங்கிப் புதிய ஊரில் அதைக் கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும். எழுதப்பட்டவை இந்த இரண்டு காகித வேலைகளின் தேதிகளே தவிர, மூட்டை கட்டிய நாளும் வந்திறங்கிய நாளும் அல்ல. இடையில் சில வாரங்கள், சில சமயம் பல மாதங்கள் கழிந்திருக்கும். எனவே, புதிய ஊரின் வரவுப் பதிவேட்டில் அதே மாதத்தோடு நிற்காமல், ஓராண்டு முன்பின் பாருங்கள். அந்த இடைவெளியில் புதிய ஊரில் ஒரு தொகுதி மூடப்பட்டு மற்றொன்று திறக்கப்பட்டிருந்தால், இரண்டையும் பாருங்கள்.

### திரும்பி வந்துவிட்டார்

பழைய பக்கத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தவருக்கு, அடித்த வரியை உயிர்ப்பிக்காமல், கீழே புதிய வரி போட்டிருப்பார்கள்.

### எழுத்தர் தாமாகவே நீக்கிவிட்டார்

'ஆம்ட்ஸ்ஹால்ஃபே' என்ற சொல்லோ அதன் சுருக்கமோ இருந்தால், ஆள் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார், அலுவலகம் பின்னர் கண்டுபிடித்து நீக்கியது என்று பொருள். கணக்கெடுப்பு ஆண்டுகளான 1859, 1869, 1879, 1889, 1899, 1909, 1920 ஆகியவற்றை ஒட்டிய பக்கங்களில் இந்தச் சொல்லை எதிர்பாருங்கள். இங்கே கொடுத்திருக்கும் தேதி எழுத்தர் கண்டுபிடித்த தேதி மட்டுமே. ஆள் அதற்கு ஐந்தாண்டு முன்பே போயிருக்கக்கூடும். 'ஃபி.ஓ.டபிள்யூ.' என்றால் 'எங்கே என்று தெரியாமல் போனார்'.

இந்த முட்டுச்சந்தில் முன்னோக்கித் தேடுவதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் தேடுங்கள். டச்சுத் திருமணச் சான்று மணமக்களின் பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா, எங்கே வசிக்கிறார்கள், என்ன தொழில் என்று சொல்கிறது. காணாமற்போனவருக்கு மணமான நான்கு பிள்ளைகள் இருந்தால், நான்கு வெவ்வேறு ஆண்டுகளில் அவர் எங்கே இருந்தார் என்பது நான்கு சான்றுகளில் எழுதப்பட்டிருக்கிறது. உடன்பிறந்தவர்களின் திருமணங்களையும் விடாதீர்கள். முதலில் திறக்கும் சான்றிலேயே அடுத்த நகராட்சியின் பெயர் கிடைத்துவிடுவதும் உண்டு.

### கடல் கடந்துவிட்டார்

'நூர்ட்-அமெரிக்கா' என்றோ 'ஓ.இ.' என்றோ இருந்தால் நெதர்லாந்துக்குள் தேடிப் பயனில்லை. பின்னது டச்சுக் கிழக்கிந்தியா, இன்றைய இந்தோனேசியா. அங்கே படைவீரராகப் போனவர்களின் பணிப்பதிவுகள் தி ஹேக்கில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பெயர் பொதுவானதாக இருந்து, பிறந்த தேதியும் உறுதியில்லை என்றால், கூலிக்கு ஆராய்ச்சியாளரை அமர்த்த இது தக்க இடம்.

## அறிகுறி 5: ஒரே ஆள் ஒரே காலத்தில் இரண்டு பக்கங்களில் இருக்கிறார்

இருக்கலாம். ஊருக்குள்ளேயே வீடு மாறியவர், வேலைக்குப் போனவர், புதுத் தொகுதிக்குப் படியெடுக்கப்பட்டவர் ஆகிய மூவரும் இரட்டையாகத் தெரிவார்கள். இரண்டு பக்கங்களின் வரவு, போக்குத் தேதிகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினால் தீர்ந்துவிடும். தீராவிட்டால் அவர்கள் ஒரே பெயருள்ள ஒன்றுவிட்ட சகோதரர்கள். தாயின் பெயரை ஒப்பிடுங்கள்.

## அறிகுறி 6: சுருக்கங்கள் புரியவில்லை

நிரம்ப வருவன சிலவே. 'ஐடி.' என்பதும் மேற்கோள் குறி போன்ற இரட்டைக் கோடும் நம் பத்திரங்களில் வரும் 'மேற்படி'தான். ஆனால் மேற்படி எதைச் சுட்டுகிறது என்பதை அடித்த வரிகளையும் எண்ணிப் பார்த்தே சொல்ல வேண்டும். மணநிலைக் கட்டத்தில் 'ஓ' மணமாகாதவர், 'ஹெச்' மணமானவர், 'டபிள்யூ' துணையை இழந்தவர். சமயக் கட்டத்தில் 'என்.ஹெச்.' சீர்திருத்தத் திருச்சபை, 'ஆர்.கே.' கத்தோலிக்கர், 'டி.ஜி.' டூப்ஸ்கெசிண்ட் எனப்படும் டச்சு மென்னோனைட்டுகள், 'என்.ஐ.' யூதர். 'என்.ஹெச்.' அடிக்கப்பட்டு 'கெரெஃப்.' என்று மாறியிருந்தால் குடும்பம் வேறென்று எண்ணிவிட வேண்டாம். 1886-இல் ஆப்ரஹாம் கைப்பர் தலைமையில் சீர்திருத்தத் திருச்சபையில் நிகழ்ந்த பிளவுக்குப் பின் ஏராளமான குடும்பங்கள் அப்படி மாறின.

கையெழுத்துதான் தடை என்றால், அதே எழுத்தர் எழுதிய வேறு பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த ஊர்ப்பெயர் ஒன்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அவருடைய எழுத்துகளைப் பழகுங்கள். 1-ஐயும் 7-ஐயும், 4-ஐயும் 9-ஐயும் இப்படித்தான் பிரித்தறிய முடியும்.

## அறிகுறி 7: இருபதாம் நூற்றாண்டுக்குள் வந்ததும் தடம் அறுந்துவிட்டது

ஏடு நின்றுவிடவில்லை, வடிவம் மாறிவிட்டது. பெரிய நகரங்கள் கட்டிய தொகுதிகளை விட்டுவிட்டுக் குடும்பத்துக்கு ஓர் அட்டை என்ற முறைக்கு மாறின. ஆம்ஸ்டர்டாமில் இந்த அட்டைகள் 1893 முதல் 1939 வரை ஓடுகின்றன. எனவே, தேடுபக்கத்தில் 'பதிவேடு' என்பதை விட்டுக் 'குடும்ப அட்டை' என்னும் பொருள்படும் 'கெஸின்ஸ்கார்ட்' தொகுப்பைத் தெரிவு செய்யுங்கள். 1930-களின் இறுதியில் நாடெங்கும் ஆளுக்கு ஓர் அட்டை என்றாகி, அதற்குப் 'பெர்சோன்ஸ்கார்ட்' என்று பெயர் வந்தது. அதில் ஒரே தாளில் பெற்றோர், துணைவர், பிள்ளைகள், முகவரிகள், தொழில்கள் எல்லாம் கிடைக்கும். போர்க்காலத்தில் ஜெர்மானியர் யூதர்களைப் பிடிக்க இதே பதிவுகளைப் பயன்படுத்தினர். அதைத் தடுக்கவே 1943 மார்ச் 27 இரவு எதிர்ப்பியக்கத்தினர் ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குத் தீ வைத்தார்கள். அந்நகரத்து அட்டைகளில் இடைவெளி தென்பட்டால் இதையும் நினைவில் கொள்ளுங்கள்.

1994 அக்டோபர் 1-க்கு முன் இறந்தவரின் அட்டையிலிருந்தும், அதற்குப் பின் இறந்தவரின் கணினிப் பட்டியலிலிருந்தும் எடுத்த படியைத் தி ஹேக்கில் உள்ள சி.பி.ஜி. என்னும் குடும்ப வரலாற்று மையம் கட்டணத்துக்குத் தருகிறது. சில கட்டங்கள் மறைக்கப்பட்டே வரும். கட்டணம் செலுத்துமுன் பொதுவில் கிடைக்கும் சான்றுகளைப் பாருங்கள்: பிறப்புச் சான்று 100 ஆண்டுகளுக்குப் பிறகும், திருமணச் சான்று 75 ஆண்டுகளுக்குப் பிறகும், இறப்புச் சான்று 50 ஆண்டுகளுக்குப் பிறகும் திறக்கப்படுகின்றன. உயிருடன் இருப்பவரைத் தேடுகிறீர்கள் என்றாலோ, தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தையின் தடம் என்றாலோ, தனியாக முட்டிக்கொள்ள வேண்டாம். அது சட்டம் அறிந்தவர்களின் வேலை.

## அறிகுறி 8: மூதாதையர் இலங்கையிலிருந்த ஒல்லாந்தர், பதிவேட்டில் பெயரே இல்லை

இலங்கைப் பறங்கியர் குடும்பங்களிலிருந்து இந்தக் கேள்வி அவ்வப்போது வருகிறது. இலங்கையில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், ஆட்சி 1796-இல் முடிந்தது. பதிவேடோ 1850-இல் தொடங்கியது. இந்த 54 ஆண்டு இடைவெளியை எந்தத் தேடல் உத்தியும் நிரப்பாது. தேட வேண்டிய இடங்கள் வேறு.

கொழும்பில் உள்ள பறங்கியர் சங்கம் 1908-இல் தொடங்கப்பட்டது. அதன் இதழில் பல குடும்பங்களின் வம்சாவளி ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. அதை முதலில் பாருங்கள். அடுத்து, ஒல்லாந்தர் காலத் தோம்புகள் (நிலங்களையும் குடும்பங்களையும் பதிந்த ஏடுகள்) இலங்கைத் தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. மூன்றாவதாக, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் 18-ஆம் நூற்றாண்டில் வந்தவர்களின் சம்பளப் பேரேடுகளை நெதர்லாந்துத் தேசிய ஆவணக்காப்பகம் இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறது. பெயர், சொந்த ஊர், ஏறிய கப்பல் எல்லாம் அதில் கிடைக்கும். சொந்த ஊர் ஜெர்மனியில் இருந்தால் திகைக்க வேண்டாம். கம்பெனிப் படையாட்களில் மிகப் பலர் அங்கிருந்தே வந்தவர்கள். அப்படியானால் தொடர்ந்து தேட வேண்டியது அந்த ஊரின் தேவாலயப் பதிவுகளில். பழைய ஜெர்மன் கையெழுத்து படிக்கத் தெரிந்தவரின் துணை அப்போது தேவைப்படும்.

ஒரு விலக்கு உண்டு. 1796-க்குப் பின் சில குடும்பங்கள் இலங்கையை விட்டுப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போயின. அவர்களில் எவரேனும் முதிய வயதில் நெதர்லாந்துக்குத் திரும்பி 1850-க்குப் பிறகும் உயிருடன் இருந்திருந்தால், பிறந்த ஊர்க் கட்டத்தில் 'கொலம்போ' என்ற பெயரோடு பதிவேட்டில் இருக்க இடமுண்டு. அவருக்கு மட்டும் அறிகுறி 1-இலிருந்து தொடங்குங்கள்.